ஏரி விட்டுச் சென்ற களி: ரெட் ஆற்றுச் சமவெளி மண்ணின் குணம்

ஆற்றோரச் சமவெளி என்றதும் நம் மனதில் ஒரு படம் வரும். வெள்ளம் வரும், வண்டலைப் படியவிட்டுப் போகும், அதில் பயிர் செழிக்கும். காவிரிக்கும் நைலுக்கும் பொருந்தும் இந்தப் படம், வட அமெரிக்கப் ப்ரெய்ரி புல்வெளியின் கிழக்கு ஓரத்தில் ஓடும் ரெட் ஆற்றுக்குப் பொருந்தாது.

வட டகோட்டா, மினசோட்டா என்ற இரண்டு அமெரிக்க மாநிலங்களுக்கு நடுவே எல்லைக்கோடாக ஓடி, கனடாவின் மானிடோபா மாகாணத்துக்குள் புகுந்து, வின்னிபெக் ஏரியில் போய்ச் சேரும் ஆறு இது. ஓடும் திசை வடக்கு. இரண்டு கரையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புக் களிமண். அந்தக் கண்டத்தின் வளமான நிலங்களில் ஒன்று என்று பெயரெடுத்த பூமி. வெள்ளத்துக்கும் குறைவில்லை. வெள்ளம், களி, விளைச்சல் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்தக் களியை ஆறு கொண்டுவரவில்லை. ஆறு பிறப்பதற்கு முன்பே அது அங்கே கிடந்தது.

கடைசிப் பனியுகம் முடியும் காலத்தில், சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன், கண்டத்தை மூடியிருந்த பனிப்பாறை மெல்ல வடக்கே பின்வாங்கியது. நிலம் வடக்கே சரிந்திருந்ததால் உருகிய நீரும் வடக்கே போகப் பார்த்தது. அங்கே பனியே அணையாகக் குறுக்கே நின்றது. தேங்கிய நீர் பிரம்மாண்டமான ஏரியானது. இன்றைய ஐந்து பேரேரிகளையும் சேர்த்தாலும் அதன் உச்சகட்டப் பரப்புக்கு ஈடாகாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புவியியலாளர் வாரன் அப்ஹாம் அதற்கு அகாசிஸ் ஏரி என்று பெயர் வைத்தார். பனியுகம் என்ற கருத்தை உலகம் ஏற்கும்படி வாதாடிய லூயி அகாசிஸின் நினைவாக வந்த பெயர். பல ஆயிரம் ஆண்டுகள் பெருகியும் சுருங்கியும் இருந்த அந்த ஏரி, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் வடிந்து மறைந்தது.

ஏரி ஒரு நல்ல சல்லடை. ஓடைகள் கொண்டுவந்த கூழாங்கல்லும் மணலும் கரையோரமே தங்கிவிட்டன. வண்டல் கொஞ்சம் உள்ளே போய்ப் படிந்தது. 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்த களித்துகள்கள் மட்டும் அலையில்லாத ஆழமான நடுப்பகுதிவரை மிதந்து போய், மெதுவாக அடியில் இறங்கின. இன்றும் சமவெளியின் விளிம்பிலிருந்து ஆற்றை நோக்கி வந்தால் இந்த வரிசை மாறாமல் இருக்கும். முதலில் பழைய ஏரிக்கரைகளாகிய மணல்மேடுகள், பிறகு இளகலான மண், கடைசியில் கனத்த களி. நடுப்பகுதியில் பல இடங்களில் இந்தக் களி 10 மீட்டருக்கும் அதிக ஆழம் போகிறது. மேல்மண்ணில் பாதிக்கு மேல் களித்துகள்தான். சில வயல்களில் முக்கால் பங்கைக்கூட எட்டும்.

ரெட் ஆறு அதற்கு அப்புறம் வந்தது. ஏரி வடிந்த தரையில் வளைந்து வளைந்து ஒரு குறுகிய தடத்தை வெட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அந்தத் தடம் ஆழமும் இல்லை, சாய்வும் இல்லை. வட டகோட்டாவின் ஃபார்கோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 275 மீட்டர், வடக்கே மானிடோபாவின் வின்னிபெக் நகரம் சுமார் 240 மீட்டர். இடையே நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கும் மேல். வளைந்து ஓடும் ஆற்றுக்குத் தூரம் இன்னும் அதிகம் என்பதால், ஒரு கிலோமீட்டருக்குக் கிடைக்கும் இறக்கம் பத்து சென்டிமீட்டர்கூடத் தேறாது. போதாக்குறைக்கு, வசந்தத்தில் பனி முதலில் உருகுவது தெற்கே. நீர் வடக்கே வரும்போது அங்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். அதனால் ஆறு கரை தாண்டினால் போதும், பழைய ஏரி திரும்பி வந்ததுபோலத் தண்ணீர் பரவிவிடும். 1826, 1950, 1997 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் இப்படி வந்தவைதான். 1997இல் மானிடோபாவில் மட்டும் 2,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு நீர் நின்றது. செய்தியாளர்கள் அதைச் செங்கடல் என்றே எழுதினார்கள்.

இவ்வளவு பரவினாலும் அந்த வெள்ளம் வயலுக்குப் புதிதாகத் தரும் மண் சொற்பம். மெதுவாக நகரும் நீர், மெல்லிய படிவு, சில வாரங்களில் வடிதல். ஆற்றை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும் ஆறு தன் வேலையைக் காட்டியிருக்கிறது. கரையை ஒட்டிக் கனமான துகள்களைப் போட்டுப் போட்டு நிலத்தைச் சற்று உயர்த்தியிருக்கிறது. அங்கே மண் இளகல், வடிகாலும் பரவாயில்லை. அதைத் தாண்டினால் தாழ்ந்த, கனத்த களி. 1812 முதல் செல்கிர்க் பிரபுவின் ஏற்பாட்டில் வந்து குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்களும், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெத்தீ மக்களும் தங்கள் நிலங்களை ஆற்றில் தொடங்கி உள்ளே நீளும் ஒடுங்கிய பட்டைகளாகப் பிரித்துக்கொண்டதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். ஆற்றோர உயர்வில் வீடும் உழவும். பின்னால் கிடந்த ஈரப் புல்வெளியில் வைக்கோலுக்குப் புல் அறுத்தார்கள். அந்தக் களியை உழுது பார்க்கும் துணிச்சல் பெரிய அளவில் வந்தது பிற்பாடுதான்.

தண்ணீரை விடாத தாது

இந்த மண்ணின் எல்லாக் குணத்துக்கும் ஆணிவேர் ஸ்மெக்டைட் என்ற களித்தாது. மேற்கே கிடந்த பழைய கடல் களிப்பாறைகளைப் பனிப்பாறை அரைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. வடக்கில் இருந்த சுண்ணாம்புப் பாறைகளும் கூடவே அரைபட்டு வந்ததால் இந்த மண்ணில் சுண்ணாம்பும் தாராளம். காரத்தன்மை பக்கம் சாய்ந்த மண். இந்தச் சுண்ணாம்பு நல்லதும் செய்யும், ஒரு பயிருக்குக் கெட்டதும் செய்யும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸ்மெக்டைட்டின் ஒவ்வொரு துகளும் மெல்லிய ஏடுகளின் அடுக்கு. ஏடுகளில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகள் இடையே ஒட்டிக்கொள்ளும். இந்த ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை இல்லை என்பதால் தண்ணீர் நடுவே புகுந்து அவற்றை விலக்கும். மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் உப்புவதுபோல மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். செம்மண்ணில் அதிகமிருக்கும் கேயோலினைட் களியில் ஏடுகள் பிரியாது. அதனால் இந்த ஆட்டம் அங்கே இல்லை.

விரிந்த பரப்பு என்பதுதான் இங்கே வளத்தின் கணக்கு. ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் உள்ளும் புறமுமான மொத்தப் பரப்பு சுமார் 700 முதல் 800 சதுர மீட்டர். ஒரு கிராமுக்கு! சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனில் கேயோலினைட்டை அது பல மடங்கு மிஞ்சும். அதோடு உயரப் புற்களின் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிச் சேர்த்த கரிமப்பொருளும் இருக்கிறது. மேல்மண் கறுப்பாக இருப்பது அதனால்தான். களி அந்த மக்கைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு எளிதில் சிதைய விடுவதில்லை.

இதையெல்லாம் கேட்டால் இதைவிட நல்ல மண் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அங்கே விவசாயம் செய்பவர்களைக் கேட்டால் முதலில் சத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். எப்போது வயலில் இறங்க முடியும் என்பதைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்த மண்ணில் பஞ்சம் சத்துக்கு இல்லை, நாளுக்குத்தான்.

களிமண்ணில் துளைகள் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மண்ணின் கனஅளவில் பாதிக்கு மேல் துளைதான், மணலைவிட அதிகம். ஆனால் அத்தனையும் நுண்ணியவை. நுண்துளை தண்ணீரை இறுகப் பிடிக்கும், நகர விடாது. அதனால் இரண்டு விதத்தில் வில்லங்கம். நிரம்பக் குடித்த களியில் இருக்கும் நீரில் பாதிக்கும் மேற்பட்டதை வேரால் உறிஞ்சவே முடியாது. ஈரம் கையில் ஒட்டும், பயிர் வாடிக்கொண்டிருக்கும். மறுபுறம், மிச்சமிருக்கும் பயன்படு நீரே மணல்நிலம் தருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், மழை பொய்த்த வாரங்களில் மணல்மேட்டுப் பயிர் கருகும்போது களிப் பயிர் தாக்குப்பிடிக்கும். வறட்சிக்கு ஈடுகொடுக்கும் மண்ணும் வேரை மூச்சுத்திணற வைக்கும் மண்ணும் ஒன்றேதான்.

வெடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோடை காய்ந்தால் நிலம் பாளம் பாளமாகப் பிளக்கும். வெடிப்பு சில சென்டிமீட்டர் அகலமும், ஒரு மீட்டர்வரை ஆழமும் போகக்கூடும். மேலிருக்கும் கறுப்பு மண் உள்ளே சரிந்து விழும். பிறகு மழையில் மண் உப்பும்போது அடியில் இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி வழுக்கும். குழி வெட்டிப் பார்த்தால் இரண்டும் தெரியும். சாம்பல்நிற அடிமண்ணுக்குள் நாக்கு நீட்டியதுபோல் இறங்கிய கறுப்புப் பட்டைகள் ஒன்று. வழுக்கி வழுக்கி மெருகேறிய பளபளப்பான சாய்ந்த பரப்புகள் இன்னொன்று. மண்ணியலாளர்கள் இந்த இரண்டாவது அடையாளத்தைத் தேடித்தான் ஒரு மண்ணை வெர்ட்டிசால் வகையில் சேர்க்கிறார்கள். அமெரிக்க வகைப்பாட்டில் ஃபார்கோ என்ற பெயரிலேயே ஒரு வெர்ட்டிசால் மண்தொடர் உண்டு. கனடாவின் வகைப்பாட்டில் 1998ஆம் ஆண்டுப் பதிப்புவரை இப்படி ஒரு பிரிவே கிடையாது. குளிர்நாட்டில் இந்த மண் இருக்காது என்ற பழைய எண்ணம் மாற அவ்வளவு காலம் ஆனது.

வெர்ட்டிசால் என்றால் நமக்கு அந்நியமில்லை. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலும் இதே குடும்பம். வெடிப்பு, பிசுபிசுப்பு, சுண்ணாம்பு, நீர்ப்பிடிப்பு எல்லாம் சொந்தக்காரர்களுக்குள் இருக்கும் சாயல். ஆனால் வேலை நேர்மாறு. கரிசல் காட்டில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். நனைந்த பிறகு காட்டில் கால்வைக்க முடியாது என்பது தெரிந்த கணக்கு. ரெட் ஆற்றுச் சமவெளியிலோ பனி உருகிய நீரோடு நிலம் ஏற்கெனவே நனைந்தே தொடங்குகிறது. அவர்கள் காத்திருப்பது மழைக்காக இல்லை, ஈரம் குறைவதற்காக.

பதத்துக்காகக் காத்திருப்பு

வின்னிபெக்கில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து சுமார் 500 மில்லிமீட்டர்தான். சென்னையின் பாதிகூட இல்லை. அப்படியிருந்தும் நீர் வடிவதே முதல் கவலை என்றால் வேடிக்கையாகத் தோன்றலாம். காய்ந்த களியில் மழை முதலில் வெடிப்புக்குள் மடமடவென்று இறங்கும். மண் உப்பி வெடிப்பு மூடியதும் நீர் இறங்கும் வேகம் மணிக்குச் சில மில்லிமீட்டராகவும், அதற்கும் கீழாகவும் சுருங்கிவிடும். நிலமும் தட்டை. ஆகவே கீழேயும் போகாது, பக்கவாட்டிலும் ஓடாது, நிற்கும்.

நின்ற நீரில் வேருக்குக் காற்று கிடைக்காது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண் வெதுவெதுப்பாக இருந்தால் சில நாட்களிலேயே இன்னொரு இழப்பும் தொடங்கும். காற்றில்லாத மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, தழைச்சத்தை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். மணலில் போட்ட உரம் கீழே கசிந்து போகும். களியில் போட்டது மேலே பறந்து போகும். செலவு என்னவோ இரண்டிலும் விவசாயிக்குத்தான்.

ஈரமண் சூடேறவும் நேரமாகும். நீரைச் சூடாக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் பக்கத்து மணல்நிலத்தில் விதைப்பு நடக்கும்போது களிவயல் இன்னும் குளிர்ந்து கிடக்கும். உறைபனி விழாத நாட்கள் ஆண்டுக்கு நான்கு மாதம் அளவே கிடைக்கும் இடத்தில் ஒரு வாரத் தாமதம் சின்ன விஷயமில்லை.

அப்படியானால் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் இறங்கிவிடலாமா? அங்கேதான் களி பழிவாங்கும். ஈரத்தில் உழுதால் கலப்பை மண்ணைப் புரட்டாது, இழைக்கும். இழைத்த பரப்பு காய்ந்ததும் ஓடாக இறுகும். விதைக்கும் கருவி போட்ட சால் மூடாது, மூடினாலும் காய்ந்தபின் விதைமேலேயே பிளக்கும். அதிகம் காயவிட்டால் இன்னொரு தொல்லை. கட்டிகள் செங்கல்லாகிவிடும், உடைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே மண் கையில் பொலபொலவென்று உதிரும் பதம் ஒன்று உண்டு. இளகல் மண்ணில் அந்தப் பதம் வாரக்கணக்கில் நிற்கும். கனத்த களியில் சில நாட்கள்தான் நிற்கும். அதற்குள் ஒரு மழை வந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அங்கத்திய பண்ணைகளில் பிரம்மாண்டமான டிராக்டர்களையும் அகல விதைப்புக் கருவிகளையும் பார்த்து, பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று நினைத்தால் பாதி உண்மையைத்தான் பார்க்கிறோம். நான்கைந்து நாளில் ஆயிரக்கணக்கான ஏக்கரை விதைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் அந்த இயந்திரங்களைப் பெரிதாக்கியது.

பெரிய இயந்திரம் வேறொரு கடனையும் விட்டுப்போகிறது. தானியம் நிரம்பிய அறுவடை இயந்திரமும் தானிய வண்டியும் ஈரக் களியில் ஓடினால் மேல்மண்ணோடு அடிமண்ணும் இறுகும். பனிக்கால உறைதல் வந்து சரிசெய்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மேல் அடுக்குக்கு அது ஓரளவு உண்மை. நீர் உறைந்தும் உருகியும் வரும் ஒவ்வொரு சுற்றிலும் கட்டிகள் உடைந்து, வசந்தத்தில் மண் தானாகவே குருணை குருணையாக உதிரும். களிக்குக் குளிர் தரும் இலவச உழவு இது. ஆழத்தில் அந்தச் சுற்று ஆண்டுக்கு ஒருமுறையோடு முடிகிறது, இறுக்கம் பல ஆண்டுகள் நிற்கும்.

மேற்கே சஸ்காட்சுவான் பக்கத்து உலர் ப்ரெய்ரியில் உழாமல் விதைக்கும் முறை வெகுவாகப் பரவிவிட்டது. ரெட் ஆற்றுக் களியில் அந்த அளவுக்குப் பரவவில்லை. பழமைவாதம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. அறுத்த பயிரின் தட்டை மூடிய வயல் ஈரத்தைக் காக்கும், வெயிலைத் திருப்பி அனுப்பும். வறண்ட மேற்கில் அது வரம், இங்கே தாமதம். அதனால் பலரும் அறுவடை முடிந்ததும் இலையுதிர்காலத்திலேயே உழுது, கறுப்பு மண்ணைத் திறந்து போட்டுவிடுகிறார்கள். வசந்தத்தில் சீக்கிரம் சூடேறும். அதற்கும் விலை உண்டு. உறைந்து உதிர்ந்த குருணைகள் மணல்போல் காற்றில் பறக்கும். குளிர்காலக் கடைசியில் சாலையோரப் பனிக்குவியல்கள் கறுத்துக் கிடப்பது அந்த ஊர்க் காட்சி. இந்த மண்ணில் காற்றரிப்பு இருக்காது என்று எண்ணுபவர்கள் அந்தக் கறுப்புப் பனியைப் பார்க்க வேண்டும்.

பயிரும் இந்த நாட்கணக்குக்கு ஏற்பத்தான் மாறியது. 1870களில் ரயில் பாதை வந்தபின், வட டகோட்டாவின் கேசல்டன் அருகே ஆலிவர் டால்ரிம்பிள் நடத்தியது போன்ற மாபெரும் கோதுமைப் பண்ணைகள் இந்தச் சமவெளியின் புகழைப் பரப்பின. இன்று கோதுமையோடு கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர், சோயா, மக்காச்சோளம், அமெரிக்கப் பக்கத்தில் சர்க்கரைப் பீட்ரூட் ஆகியவையும் நிற்கின்றன. கனோலாவுக்கு நீர் நின்றால் ஆகாது. சோயா ஓரளவு தாங்கும். மானிடோபாவில் சோயா பரப்பு 2017இல் 20 லட்சம் ஏக்கரைத் தாண்டியதற்கு விலை, குளிர் தாங்கும் ரகங்கள் ஆகியவற்றோடு இந்தத் தாங்குதிறனும் ஒரு காரணம்.

முன்னே சொன்ன சுண்ணாம்பு சோயாவைத்தான் பிடிக்கிறது. ஈரமும் சுண்ணாம்பும் சேரும் இடத்தில் மண்ணீரில் பைகார்பனேட் பெருகும். மண்ணில் இரும்பு நிறைய இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். ஜூன் மாதத்தில் வயலின் தாழ்ந்த பகுதிகள் மட்டும் திட்டுத்திட்டாக மஞ்சளாகும், நரம்பு பச்சையாகவே இருக்கும். உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். மருந்தடித்து மீட்பதைவிட, தாங்கும் ரகத்தைத் தேர்வது பலன் தரும் என்பது அங்கே அனுபவப்பட்ட பாடம். பொட்டாசியத்திலும் களி விளையாடும். மண் காயும்போது ஸ்மெக்டைட் ஏடுகள் நெருங்கி அதைச் சிறைப்பிடித்துவிடும். அதனால் வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் இப்போது ஸ்மெக்டைட் விகிதம் கூடிய மண்ணுக்குப் பொட்டாஷ் தேவையின் வரம்பைத் தனியாக, உயர்த்தி வைத்திருக்கிறது.

வெள்ளம் வடிந்த பின்

வசந்த வெள்ளம் பார்ப்பதற்குப் பயங்கரம். வயலுக்கு அது செய்யும் கெடுதல் நாம் நினைப்பதைவிடக் குறைவு. மண் குளிர்ந்திருப்பதால் நுண்ணுயிர்கள் மந்தம், தழைச்சத்து இழப்பு மெதுவாகத்தான் நடக்கும். பயிரும் இன்னும் நிலத்தில் இல்லை. இழப்பு முக்கியமாக நாட்களில்தான். ஜூன், ஜூலையில் கொட்டும் மழை செய்தியில் ஒரு பத்தியோடு போய்விடும். ஆனால் வளர்ந்த பயிர் வெதுவெதுப்பான நீரில் நிற்கும் இந்த நிலைதான் விளைச்சலை உண்மையில் முடித்துவிடுகிறது.

வெள்ளத்தின் ஒரு கெடுதல் மட்டும் அடுத்த ஆண்டுதான் முகம் காட்டும். விதைக்க முடியாமல் ஒரு பருவம் வெறுமையாகக் கிடந்த வயலில், வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் பூஞ்சைகள் ஓம்பும் செடியில்லாமல் அருகிவிடும். மறு ஆண்டு மக்காச்சோளம் விதைத்தால், மண்ணில் மணிச்சத்து இருந்தும் நாற்றுகள் ஊதா நிறமேறிக் குறுகி நிற்கும். கனோலாவும் சர்க்கரைப் பீட்ரூட்டும் அந்தப் பூஞ்சையை நம்பி வாழாதவை, அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

மணிச்சத்தின் இன்னொரு கதை ஆற்றின் கடைசியில் நடக்கிறது. நீர் நின்ற களியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்து கரைந்து விடுபடும். அதோடு உறைந்து நைந்த தட்டைகளிலிருந்தும் பனிநீர் மணிச்சத்தைக் கழுவி எடுக்கும். எல்லாம் வடக்கே வின்னிபெக் ஏரிக்குப் போகிறது. ஏரிக்கு வரும் நீரில் ரெட் ஆற்றின் பங்கு சிறியது. மணிச்சத்திலோ பாதிக்கு மேல் அதன் பங்கு. கோடையில் ஏரியில் படரும் பாசிக்கு அதுதான் தீனி. மண் அரிப்பைத் தடுத்தால் ஏரி தெளிந்துவிடும் என்ற வாதம் இங்கே அவ்வளவாக எடுபடாது. போவதில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிப் போவது இல்லை, நீரில் கரைந்து போவது.

ஊர்களைக் காப்பதிலோ களி நல்ல பெயரைச் சம்பாதித்திருக்கிறது. நீர் ஊடுருவாததால் கரை கட்ட அதற்கு நிகர் குறைவு. மாரிஸ், எமர்சன் போன்ற சிற்றூர்களைச் சுற்றி வளையமாக நிற்கும் கரைகள் களியால் ஆனவை. 1997இல் வின்னிபெக்கைக் காக்கச் சில நாட்களில் எழுப்பிய, 40 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கரையும் அப்படியே. 1962இல் தொடங்கி 1968இல் முடிந்த 47 கிலோமீட்டர் வெள்ளப் போக்குக் கால்வாயும் இதே களியில் வெட்டியதுதான். அன்றைய மாகாண முதல்வர் டஃப் ராப்லினைக் கேலி செய்து 'டஃபின் வாய்க்கால்' என்று பெயரிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே பெயரை இப்போது நன்றியோடு சொல்கிறார்கள்.

அதே களியின் மேல் கனத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1913 அக்டோபரில் வின்னிபெக்கின் டிரான்ஸ்கோனா பகுதியில் புதிதாகக் கட்டிய கனடியன் பசிபிக் ரயில்வேயின் தானியக் கிடங்கில் கோதுமையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் உடையாமல், அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து சுமார் 27 பாகையில் நின்றது. அடிக்களி பாரம் தாங்காமல் பிதுங்கிவிட்டது. தானியத்தை இறக்கி, அடியில் பாறைவரை தூண்கள் இறக்கி, கிடங்கை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தினார்கள். அடித்தளப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு இது இன்றும் பாடம்.

வடித்தே தீர்வது என்ற முடிவு

ஈரப் புல்வெளியை உழுநிலமாக்கியது வாய்க்கால்தான். மானிடோபா 1895இல் நில வடிகால் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் சதுப்புகள் வடிக்கப்பட்டன. மைலுக்கு ஒரு சாலை என்று சதுரம் சதுரமாக அளந்த நிலத்தில் சாலையோரமெல்லாம் வாய்க்கால் ஓடியது. உயரப் புற்கள் வளர்ந்த புல்வெளியில் மானிடோபாவில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நிலமோ குறுக்குவாட்டில் சரிகிறது, வாய்க்காலோ சாலையோடு நேராக ஓடுகிறது. இந்த முரண்பாட்டுக்கான விலையை ஒவ்வொரு பெருமழையிலும் கீழ்க்கோடியில் இருப்பவர் கொடுக்கிறார். வாய்க்கால் பிரச்சினையில் அண்டை வீட்டார் பேசாமலிருப்பது நம் ஊர்களில் மட்டும் நடப்பதில்லை.

1990களில் வடக்குச் சமவெளியில் தொடர்ச்சியாக ஈரமான ஆண்டுகள் வந்தன. அதன்பிறகு மண்ணுக்கடியில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் பதிக்கும் வழக்கம் வேகமெடுத்தது. சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில், களியில் 10 முதல் 15 மீட்டர் இடைவெளியில் வரிசையாகக் குழாய் இறங்கும். கசியாத களியில் குழாய் எப்படி வேலை செய்யும்? வெடிப்புகளும் வேர்த்தடங்களும் மண்புழுத் துளைகளும் குழாய்க்கு வழிவிடுகின்றன. கட்டியின் உள்ளே இருக்கும் நீர் வராது, கட்டிகளுக்கு இடையே நிற்கும் நீர்தான் வரும். காற்று உள்ளே போக அதுவே போதும். வசந்தத்தில் சில நாட்கள் முன்னதாக வயலில் இறங்கலாம். ஆண்டுகள் போகப் போக உப்பும் கழுவப்படும். நிலம் அவ்வளவு தட்டை என்பதால் பல வயல்களில் குழாய் நீர் தானாக வாய்க்காலுக்கு ஏறாது. கடைசியில் ஒரு கிணறு வெட்டி மோட்டார் வைத்து இறைத்துவிடுகிறார்கள்.

இது வெள்ளத்தைக் கூட்டுமா குறைக்குமா என்ற சண்டை ஓயவில்லை. என் பார்வையில் இரு தரப்பும் வெவ்வேறு நாளைப் பற்றிப் பேசுகின்றன. முன்கூட்டியே வடிந்த மண் ஒரு நடுத்தர மழையை உள்வாங்கும், அந்த மழைக்குக் குழாய் நல்லதே செய்யும். நிலமெல்லாம் நிரம்பியபின், அல்லது அடிமண் உறைந்திருக்கும்போது வரும் பெருவெள்ளத்தில் குழாயால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் வாய்க்கால்கள் ஏற்கெனவே தளும்பும் நேரத்தில் ஆயிரம் மோட்டார்கள் ஒரே சமயம் இறைத்தால் கீழே இருப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். அதனால்தான் குழாய் முனையில் மதகு வைத்து, பெருவெள்ள நாட்களில் மூடிவைக்கும் ஏற்பாடு அங்கே பேசப்படுகிறது. சில வயல்களில் வந்தும் விட்டது. அதே மதகை ஜூலையில் மூடினால், காய்ந்த வாரங்களுக்குத் தேவையான நீரை வயலிலேயே நிறுத்தியும் வைக்கலாம்.